எஃப்.ஏ. கோப்பையை விட்டுவிட்டு ரியோவுக்குப் போன மான்செஸ்டர் யுனைடெட்: யார் குற்றம்?

ஜனவரி 6, காலை 9.10 (கேள்வி)

2000 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்தும் நாக்-அவுட் போட்டி) உதறிவிட்டு ஃபிஃபாவின் கிளப் உலகக் கோப்பைக்குப் பிரேசில் போனது. காசுக்குப் போனார்கள், வெயிலில் வதங்கித் தோற்றார்கள், எஃப்.ஏ. கோப்பையின் மவுசும் அன்றோடு ஒழிந்தது. இதில் எதையாவது மறுக்க முடியுமா?

ஜனவரி 6, காலை 11.40

மூன்று குற்றச்சாட்டையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டாம். முதலில் நாட்காட்டி. பலரும் அதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அந்த சீசனில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று வழக்கம்போல ஜனவரியில் நடக்கவில்லை. 1999 டிசம்பர் 11-க்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். நான்காம் சுற்று ஜனவரி 8. யுனைடெட் ரியோவின் மரக்கானா மைதானத்தில் வாஸ்கோ ட காமா என்ற பிரேசில் கிளப்போடு ஆடியதும் ஜனவரி 8. அதாவது, இடித்தது நான்காம் சுற்று மட்டும்தான். மூன்றாம் சுற்றை யுனைடெட் தாராளமாக ஆடியிருக்கலாம். அதிலேயே தோற்றிருந்தால் பிரச்சினையே கிடையாது.

ஜெயித்திருந்தால்? மூன்று வழி இருந்தது. ஒன்று, நான்காம் சுற்றுக்கு இளைஞர் அணியை அனுப்புவது. இரண்டு, ஆடாமலே நேராக ஐந்தாம் சுற்றுக்குப் போக 'பை' கொடுப்பது. மூன்று, அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் தள்ளிவைப்பது. முதல் வழியில் கோப்பைக்கு அவமரியாதை என்று சத்தம் எழும். இரண்டாவதில் மற்ற கிளப்கள் சண்டைக்கு வரும், அது நியாயமான சண்டைதான். மூன்றாவதுதான் சுலபம். ரியோவில் கடைசி குரூப் ஆட்டம் ஜனவரி 11, அடுத்த லீக் ஆட்டம் ஜனவரி 24. நடுவில் 19-ம் தேதி புதன்கிழமை. சமனில் முடிந்து மறு ஆட்டம் வந்தால் கொஞ்சம் நெருக்கும், அவ்வளவே.

இதையெல்லாம் விட்டுவிட்டு, சீசன் தொடங்கும் முன்பே, 1999 ஜூன் 30 அன்று விலகல் அறிவிப்பு வந்துவிட்டது. யாருடைய அவசரம் என்பது அடுத்த குறிப்பில்.

ஜனவரி 6, பிற்பகல் 2.05

அவசரம் 2006 உலகக் கோப்பை. இங்கிலாந்து அதை நடத்த விண்ணப்பித்திருந்த நேரம். ஃபிஃபா முதல்முறையாக நடத்தும் கிளப் போட்டிக்கு ஐரோப்பிய சாம்பியனே வராவிட்டால் ஓட்டு போய்விடும் என்று எஃப்.ஏ.வும் அரசாங்கமும் பயந்தன. போகச் சொல்லித் தள்ளியவர்கள் அவர்கள். திட்டு வாங்கியது கிளப்.

ஓட்டு கிடைத்ததா? 2000 ஜூலை 6, சூரிக். முதல் சுற்றில் இங்கிலாந்துக்கு 5. இரண்டாம் சுற்றில் 2. அதோடு வெளியே. கடைசிச் சுற்றில் தென்னாப்பிரிக்காவை 12-11 என்று ஜெர்மனி முந்தியது. உலகின் மிகப் பழைய கோப்பையை அதன் நடப்பு சாம்பியன் இல்லாமல் நடத்திவிட்டுக் கிடைத்த பலன் இது.

காசுக்குப் போனார்கள் என்கிற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, பரிசுப் பணம் இருந்தது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காசுதான் காரணம் என்றால் அமைச்சர்கள் எதற்கு வாய் திறந்தார்கள்?

ஜனவரி 6, இரவு 9.30

ஆட்டத்துக்கு வருவோம். "வெயிலில் தோற்றார்கள்" என்பது வசதியான கதை. முதலில் போட்டியின் அமைப்பைப் பாருங்கள். எட்டு அணி, இரண்டு குரூப், அரையிறுதி கிடையாது. குரூப்பில் முதலிடம் வந்தால் நேரே இறுதி, இரண்டாமிடம் என்றால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். மூன்றே ஆட்டத்தில் ஒன்று சமன் ஆனாலே மூச்சு முட்டும்.

ஜனவரி 6: மெக்சிகோவின் நெகாக்ஸாவோடு 1-1. பெக்காம் 43-வது நிமிடம் சிவப்பு அட்டை. காலை உயரத் தூக்கிப் போட்ட டேக்கிள், அட்டையில் தகராறு இல்லை. மீதி நேரம் பத்துப் பேர். யார்க் 88-ல் சமன் செய்தார்.

ஜனவரி 8: வாஸ்கோவிடம் 1-3. இந்த முதல் பாதியை ஒருமுறையாவது முழுதாகப் பாருங்கள். 24-வது நிமிடம் கேரி நெவில் கோல்கீப்பர் பாஸ்னிச்சுக்கு ஒரு பேக் பாஸ் கொடுக்கிறார், பந்தில் வேகம் இல்லை. எட்மண்டோவிடம் சிக்கி ரோமாரியோவிடம் போகிறது, கோல். இரண்டு நிமிடம் கழித்து, 26-ல், அதே நெவில் பந்தை மார்பில் வாங்கி பாஸ்னிச்சுக்கே தள்ளப் பார்க்கிறார். இடையில் ரோமாரியோ. மறுபடி கோல். 43-ல் எட்மண்டோ கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கி, ஒரே தொடலில் சில்வெஸ்ட்ரைச் சுற்றி அனுப்பி அடித்தார். அந்த ஒன்றுக்கு மட்டும் யாரையும் குறை சொல்ல முடியாது. நிக்கி பட் 81-ல் ஒன்று திருப்பினார்.

ஜனவரி 11: சவுத் மெல்பர்னை 2-0. குவின்டன் ஃபார்ச்சூன் இரண்டும். ரிசர்வ் ஆட்களே அதிகம்.

முதல் இரண்டு கோலும் 26 நிமிடத்துக்குள் வாங்கியவை. அந்த நேரத்தில் யாருக்கும் கால் தளராது. ரோமாரியோ அளவு கெட்டிக்காரன் பக்கத்தில் நிற்கும்போது பேக் பாஸை மெதுவாக விட்டால் மழைநாள் ஓல்ட் டிராஃபோர்டிலும் கோல்தான்.

ஜனவரி 7, காலை 8.15

"யுனைடெட் குரூப்பில் கடைசி" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இல்லை, மூன்றாமிடம். வாஸ்கோ 9 புள்ளி. நெகாக்ஸாவும் யுனைடெடும் ஆளுக்கு 4. நெகாக்ஸா 5 போட்டு 4 வாங்கியது; யுனைடெட் 4 போட்டு 4 வாங்கியது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் மூன்றாமிடம். சவுத் மெல்பர்னுக்கு இன்னும் இரண்டு அடித்திருந்தால் ஒரு வாரத்துக்குள் ரியல் மாட்ரிட்டோடு மூன்றாம் இடத்துக்கு மோதியிருப்பார்கள். நெகாக்ஸா அந்த ஆட்டத்தில் ரியலை பெனால்டியில் வென்றது.

கொசுறு: அந்த சவுத் மெல்பர்னின் கோச் ஆஞ்சே போஸ்டகோக்லு. 2025-ல் டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான்.

ஜனவரி 7, மாலை 6.50

வெயில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. வெயில் ஒரு காரணம், ஆனால் அதைச் சமாளிக்க வழி உண்டு, அதற்கு நாள் வேண்டும்.

குளிர் நாட்டு உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்திலேயே பெரும்பகுதி பழகிவிடும்: இரத்தத்தில் நீர் கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். அதற்குத் தினமும் ஒரு மணி நேரமாவது அந்த வெயிலில் உடம்பை வளைக்கணும். ஏ.சி. ஓட்டலில் உட்கார்ந்திருந்தால் கணக்கில் சேராது.

யுனைடெட் டிசம்பர் 28 அன்று சண்டர்லேண்டில் 2-2 ஆடியது. ஜனவரி 6 ரியோவில் முதல் ஆட்டம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 9 நாள். பயணம், ஓய்வு போக இன்னும் குறைவு.

தண்ணீர்க் கணக்கு, எந்த அணிக்கும் இதுதான்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆட்டக்காரரை எடை போடு. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதைப்போல ஒன்றரை மடங்கு, உப்போடு சேர்த்து, அடுத்த சில மணி நேரத்தில் திரும்ப ஏற்று. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும். எடை 2 சதவீதம் குறைந்த ஆளுக்கு இரண்டாம் பாதியில் ஓட்டம் விழும். அதனால்தான் நேற்றுச் சொன்னது: வெயில் கடித்தால் 70-வது நிமிடத்துக்கு மேல் கடிக்கும், 24-ல் கடிக்காது.

நேர வித்தியாசம் பிரச்சினையே இல்லை. அப்போதைய கோடை நேரக் கணக்கில் ரியோ இங்கிலாந்தைவிட 2 மணி நேரம்தான் பின்னால் இருந்தது.

ஜனவரி 8, காலை 10.20

இப்போது யாரும் எதிர்பார்க்காத பகுதி. ரியோ பயணம் யுனைடெடுக்கு லாபம்.

சண்டர்லேண்ட் ஆட்டத்துக்கும் ஜனவரி 24 ஆர்சனல் ஆட்டத்துக்கும் (1-1) நடுவே லீக்கில் 27 நாள் இடைவெளி. மற்ற இங்கிலாந்து அணிகள் சேற்றில் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் இவர்கள் ஆடியது மூன்றே ஆட்டம், அதில் ஒன்று ரிசர்வ் ஆட்டம். மிச்சமெல்லாம் நீச்சல்குளமும் பயிற்சியும். கிளம்பும்போது லீட்ஸ் முன்னால் இருந்தது. கிடைத்த வாய்ப்பில் தூரம் ஓடிப்போய்விடவில்லை. திரும்பி வந்த யுனைடெட் கடைசி 11 லீக் ஆட்டத்தையும் வரிசையாக வென்று 91 புள்ளியோடு முடித்தது. இரண்டாமிடம் ஆர்சனல் 73. வித்தியாசம் 18.

ஜெர்மனியும் ஸ்பெயினும் ஆண்டாண்டாக எடுத்துவந்த குளிர்கால ஓய்வு இதுதான். பிரீமியர் லீக் தானாக ஓய்வு கொடுத்தது 2020 பிப்ரவரியில். இருபது வருஷம் முன்னால் ஒரே ஒரு கிளப்புக்கு அது தற்செயலாகக் கிடைத்தது. போட்டி கிளப்கள் புலம்பியிருக்க வேண்டியது இதற்கு.

ஜனவரி 8, இரவு 10.45

மேலே எழுதியதைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். ஓய்வு மட்டும் 18 புள்ளி தராது. அந்த அணி முந்தைய மே மாதம் மூன்று கோப்பை வென்ற அணி. வெயிலில் காயாமலும் லீக் வென்றிருக்கும். அதோடு, அதே ஓய்வு ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் உதவவில்லை. ரியல் மாட்ரிட்டோடு அங்கே 0-0, சொந்த மண்ணில் 2-3. ரெடோண்டோ குதிகாலால் பந்தைத் தட்டி ராவுலுக்குக் கொடுத்த ஆட்டம். ஓய்வு பலம் கூட்டியதா என்றால் கூட்டியது, எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஜனவரி 9, மதியம் 12.30

மூன்றாவது குற்றச்சாட்டு, மவுசு. இதில் ரியோவைத் தூக்கில் போடுகிறவர்கள் 1999-ல் நடந்த இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். யூஃபா கப் வின்னர்ஸ் கோப்பை அந்த ஆண்டோடு மூடப்பட்டது. கடைசி இறுதி 1999 மே 19, பர்மிங்காமின் வில்லா பார்க். லாசியோ 2, மயோர்க்கா 1. அதுவரை எஃப்.ஏ. கோப்பை வென்றால் ஐரோப்பாவில் தனக்கென்று ஒரு கோப்பை காத்திருந்தது. அதன்பின் யூஃபா கோப்பையில் ஓர் இடம் மட்டும், லீக்கில் கொஞ்சம் மேலே வந்தாலே கிடைக்கிற இடம். அதே கோடையில் சாம்பியன்ஸ் லீக் 32 அணியாக விரிந்தது. பெரிய கிளப் கணக்குப் பார்த்தால் எதற்கு நல்ல அணியை இறக்கும்?

ரியோ போகாவிட்டாலும் இறக்கம் வந்திருக்கும். ரியோ அதைப் பட்டவர்த்தனமாக்கியது.

ஜனவரி 9, மாலை 5.15

"லிவர்பூல் 2019-ல் கிளப் உலகக் கோப்பை, உள்நாட்டுக் கோப்பை இரண்டையும் ஆடியதே, யுனைடெடால் ஏன் முடியவில்லை?" நல்ல கேள்வி. ஆனால் லிவர்பூல் ஆடிய விதத்தைப் பாருங்கள்.

2019 டிசம்பர் 17: லீக் கோப்பைக் காலிறுதி, வில்லா பார்க். டிசம்பர் 18: தோகாவில் மான்டெர்ரேயோடு கிளப் உலகக் கோப்பை அரையிறுதி. நடுவில் 24 மணி நேரம்கூட இல்லை. கிளப் இரண்டாகப் பிரிந்தது. தலைமை கோச் கிளாப்பும் மூத்த அணியும் கத்தாருக்கு. 23 வயதுக்குட்பட்டோர் கோச் நீல் கிரிச்லியும் பையன்களும் பர்மிங்காமுக்கு. அந்த அணியின் சராசரி வயது 20-ஐத் தொடவில்லை. 0-5.

தோகாவிலும் ஆள் நிறைந்திருக்கவில்லை. வான் டைக் உடம்பு சரியில்லாமல் உட்கார, நடுக்கள ஆட்டக்காரர் ஹெண்டர்சன் சென்டர் பேக்காக நின்றார். ஃபிர்மினோ 91-ல் அடித்து 2-1. இறுதியில் ஃப்ளெமெங்கோவை மறுபடி ஃபிர்மினோ, 99-ல், கூடுதல் நேரத்தில் 1-0. டிசம்பர் 26 லெஸ்டர் போய் 4-0. தள்ளிப்போன வெஸ்ட் ஹாம் ஆட்டம் ஜனவரி 29-க்கு நகர்ந்தது.

இது ஒரு கோப்பையை முழுதாகவும் இன்னொன்றைப் பேருக்கும் ஆடுவது. 2000-ல் எஃப்.ஏ. கோப்பைக்கு யுனைடெட் இதைச் செய்திருந்தால் "பொடியன்களை அனுப்பினார்கள்" என்று திட்டு வந்திருக்கும். எப்படியும் திட்டுதான்.

ஜனவரி 10, காலை 7.40

கிளப் உலகக் கோப்பைக்கு ஜப்பான் போய்வந்தால் ஒரு மாதம் கால் ஓடாது என்கிறவர்களுக்கு ஒரு வரி: செல்சி 2012 டிசம்பர் 16 யோகோஹாமாவில் கொரிந்தியன்ஸிடம் 0-1 தோற்றது. 9 மணி நேர வித்தியாசம். 19-ல் லீட்ஸில் லீக் கோப்பை: இடைவேளையில் 0-1 பின்னால், முடிவில் 5-1. 23-ல் ஆஸ்டன் வில்லாவை 8-0.

யுனைடெட் 2008 டிசம்பர் 21 யோகோஹாமாவில் விடிச் சிவப்பு அட்டை வாங்கியும் எல்.டி.யூ. கீட்டோவை 1-0 வென்றது. 26-ல் ஸ்டோக்கில் 1-0. சீசன் முடிவில் லீக்கும் கையில்.

ஜனவரி 10, பிற்பகல் 3.00

2025 கிளப் உலகக் கோப்பையைச் சேர்க்காமல் இது முடியாது, அது வேறு ஜாதி. டிசம்பரில் பத்து நாள் போய்வருவது அல்ல. 32 அணி, ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவில். இங்கே பறிபோனது கோடை விடுமுறை. செல்சி ஜூலை 13 அன்று இறுதியில் பி.எஸ்.ஜி.யை 3-0 வென்றது, ஆகஸ்ட் 17 லீக்கின் முதல் ஆட்டம் (கிரிஸ்டல் பேலஸோடு 0-0). 35 நாளில் விடுமுறை, பயிற்சி, நட்பு ஆட்டம் எல்லாம் அடங்கணும்.

அங்கே வந்த புதுச் சிக்கல் இடி. ஜூன் 28, ஷார்லட் நகரம். செல்சி 1, பென்ஃபிகா 0, 86-வது நிமிடம். மைதானத்தைச் சுற்றி 8 மைல் வட்டத்துக்குள் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்கணும் என்பது அங்கத்திய வழக்கம். 29-வது நிமிடத்தில் இன்னொரு மின்னல் என்றால் கடிகாரம் மறுபடி பூஜ்யம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் டிரெஸ்ஸிங் ரூமில். இப்படியான இடைவெளியில் தசை ஆறிவிடும், சாப்பிட்டது செரித்துவிடும். சைக்கிள் ஓட்டவைத்து, கொஞ்சம் மாவுச்சத்து கொடுத்து, திரும்ப வார்ம்-அப் செய்யணும். திரும்பி வந்ததும் டி மரியா 95-ல் பெனால்டி போட்டு 1-1. கூடுதல் நேரத்தில் செல்சி 4-1. தொடங்கி நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பேசாமல் ரியோ வெயிலே தேவலை.

ஜனவரி 11, காலை 9.00

தடம் மாறுகிறது, பரவாயில்லை. "வெளிநாட்டுப் போட்டியில் ஜெயித்த முதல் இங்கிலாந்து கிளப் எது?" 'முதல்' என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சொல்ல வேண்டிய பெயர் வெஸ்ட் ஆக்லாந்து: டர்ஹம் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணி. 1909-ல் டூரினில் சர் தாமஸ் லிப்டன் கோப்பை. இறுதியில் வின்டர்தூரை 2-0. 1911-ல் திரும்பப் போய் இறுதியில் யுவென்டஸை 6-1. இரண்டாவது முறையும் வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தம். பயணச் செலவுக் கடன் கழுத்தை நெரிக்க, உள்ளூர் விடுதிக்காரம்மாவிடம் 40 பவுண்டுக்கு அடகு. 1960 வாக்கில்தான் மீட்டார்கள். 1994-ல் திருடு போனது. இப்போது இருப்பது பிரதி.

"டபிள்யூ.ஏ. என்ற சுருக்கெழுத்தைப் பார்த்து உல்விச் ஆர்சனலுக்குப் போகவேண்டிய அழைப்பு இவர்களுக்கு வந்துவிட்டது" என்று ஒரு கதை சுற்றும். நல்ல கதை, ஆவணம் இல்லை. பரப்பாதீர்கள்.

ஜனவரி 11, காலை 9.25

இன்னொரு கண்ணி. 2000-ல் ரியோவில் இறுதியில் வாஸ்கோவை பெனால்டியில் 4-3 வென்றது கொரிந்தியன்ஸ். 2012-ல் செல்சியை வென்றதும் அவர்களே. அந்தக் கிளப்புக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? 1910-ல் பிரேசிலுக்குச் சுற்றுப்பயணம் வந்த லண்டனின் கொரிந்தியன் கிளப்பிடமிருந்து. சுற்றுப்பயணம் போன இங்கிலாந்துக்காரர்கள் விட்டுவிட்டு வந்த பெயர், பின்னால் வந்த ஓர் இங்கிலாந்து அணியையே தோற்கடித்தது.

ஜனவரி 12, இரவு 8.10

டார்லிங்டன் பற்றிக் கேட்டவருக்கு. யுனைடெட் விலகியதால் மூன்றாம் சுற்றில் 63 அணி, ஒன்று குறைந்தது. இரண்டாம் சுற்றில் தோற்ற 20 அணிகளுக்குள் சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார்கள். வந்தது டார்லிங்டன், கில்லிங்காமிடம் தோற்றிருந்த அணி. போய் ஆஸ்டன் வில்லாவிடம் 1-2 தோற்றது. வில்லா அந்த வருஷம் இறுதி வரை போய், பழைய வெம்ப்ளியின் கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியிடம் 0-1. அதனால் டார்லிங்டன் தோற்றதில் வெட்கம் ஒன்றுமில்லை.

"ஒரே எஃப்.ஏ. கோப்பையில் இரண்டு முறை தோற்ற ஒரே அணி" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். தவறு. 1945-46-ல் பல சுற்றுகளில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு கட்டமாக, அதாவது இரண்டு முறை, மோதியது. சார்ல்டன் மூன்றாம் சுற்றில் ஃபுல்ஹாமிடம் ஒரு கட்டம் தோற்றும் மொத்த கோல் கணக்கில் தப்பி, இறுதி வரை வந்து டெர்பியிடம் 1-4 தோற்றது. அந்த இறுதியில் பந்தே வெடித்தது. பந்து ஏன் வெடித்தது என்பதற்குத் தனி இழை திறவுங்கள், போருக்குப் பிந்தைய தோல் தரத்திலிருந்து தொடங்கலாம்.